ஒரே நாளில் கல்லணை முதல் கோடியக்கரை வரையா? டெல்டா கார் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு ஏப்ரல் மாதம் வாட்ஸப்பில் திட்டம் ஒன்று அனுப்பினான். "காலை 6 கல்லணை, 8 தஞ்சாவூர் பெரிய கோவில், 11 தாராசுரம், மதியம் 1 மணிக்குப் பிச்சாவரத்தில் படகு, 4 மணிக்குக் கோடியக்கரையில் மான், பறவை. ராத்திரி வேளாங்கண்ணியில் ரூம் போட்டாச்சு. மே லீவுல கிளம்பறோம். சரியா இருக்காண்ணா?"

ரூம் போட்டது சரி. மற்றதில் எதைச் சொல்வது?

நான் மன்னார்குடிக்காரன். வருஷத்துக்கு நாலைந்து பேராவது இப்படி ஒரு பட்டியலோடு போன் பண்ணுவார்கள். ஊர்ப் பெயர்கள் முன்பின் மாறியிருக்கும், தவறுகள் அதே தவறுகள்தான்.

பள்ளி விடுமுறையைப் பார்த்து மாதத்தைக் குறிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. டெல்டாவின் பச்சை மேட்டூர் அணையில் இருந்து வருகிறது. வழக்கமாக ஜூன் 12இல் அணையைத் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை கடைசி வரை காத்துக் கிடந்தோம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, அது வாய்க்கால்கள் முடிகிற கடைமடையை எட்டுவதற்குள் இன்னும் பல நாள் ஓடிவிடும். எனவே ரூம் போடுவதற்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று செய்தியில் பாருங்கள். முழு நீர்மட்டம் 120 அடி. நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

வேண்டாம் என்று சொல்லியும் அவன் மே மாதமே வந்தான். கல்லணைப் பாலத்தில் நின்று அவன் மகள் கீழே எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை மணல். நடுவில் வாய்க்கால் அகலத்துக்குக் கொஞ்சம் தண்ணீர், அதில் நாலு மாடு. "பெரியப்பா, ஆறு எங்கே?" என்றாள். கரிகாலன் கட்டியது, அதன் மேல்தான் இன்றைக்கும் தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஆற்றில் தண்ணீரும் வயலில் குறுவை நெல்லும் இருக்கும். அடுத்த போகமான சம்பாவின் பச்சை உச்சத்தில் இருப்பது நவம்பர், டிசம்பர். ஆனால் மழையும் புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16இல் கஜா கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான், வேதாரண்யத்தையும் பட்டுக்கோட்டையையும் புரட்டிப் போட்டது. என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசி வாரத்தில் இருந்து ஜனவரி கடைசி வரை. மழை ஓய்ந்திருக்கும், கதிர் பழுக்கத் தொடங்கியிருக்கும், பறவைகளும் இருக்கும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சேரி கேட்க வருகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்த வாரம் அந்த ஊரை விட்டுவிடலாம். ஆடிப்பெருக்குக்குக் காரில் வரவே வராதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், சித்ரான்னம் கட்டிக்கொண்டு.

கிலோமீட்டரை நம்புவது

கும்பகோணத்தில் இருந்து கோடியக்கரை நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டு மணி நேரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இங்கே மணிக்கு 35, 40 என்று கணக்குப் போடுங்கள். சாலைகள் ஆற்றங்கரையோடு வளைந்து போகும், ஊருக்கு ஊர் பாலம், பாலத்துக்கு முன்னால் ஒரு திருப்பம். தஞ்சாவூரில் இருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள், நல்ல விளையாட்டு. சேர்ந்ததும் ஐயாறப்பர் கோவிலில் எதிரொலி கேட்கும் இடம் எது என்று விசாரியுங்கள். ஒரு தடவை கூப்பிட்டால் ஏழு தடவை கேட்கும் என்பார்கள்.

வரைபடம் காட்டும் குறுக்குவழி அடுத்த பொறி. நீடாமங்கலம் பக்கம் ஒருமுறை அது என்னை ஆற்றங்கரைச் சாலையில் ஏற்றிவிட்டது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் எட்டடிப் பள்ளத்தில் வயல், நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ஓட்டியவர் இறங்கி வந்து, "ரிவர்ஸ் எடுங்க சார், அய்யனார் கோவில் கிட்ட ஒதுங்கிக்கலாம்" என்றார். அய்யனார் கோவில் அரை கிலோமீட்டர் பின்னால் இருந்தது. அன்றிலிருந்து டீக்கடையில் கேட்காமல் கரைச் சாலையில் ஏறுவதில்லை.

அப்புறம் அறுவடை. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் சாலையின் பாதி நெல் காயும் களமாகிவிடும், மீதிப் பாதியில் அறுவடை மெஷின் வரும். கொள்முதல் நிலையத்தின் முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கும். ஹாரன் அடித்துப் பயனில்லை. ஆறு மாத உழைப்பு அங்கே தரையில் கிடக்கிறது, அதன் மேல் டயரை ஏற்றாமல் ஓட்டுங்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அது விளைந்ததும் செடியோடு பிடுங்கிச் சாலையில் பரப்புவார்கள், போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும் என்று. பைக்காரர்களுக்கு அது வழுக்கும். கார் என்றால், தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். செடி சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பிக்கும். என் வண்டியிலேயே ஒருமுறை கருகிய வாடை வந்து, குச்சி குச்சியாக உருவி எடுத்திருக்கிறேன்.

நடுப்பகலை மறப்பது

பெரும்பாலான கோவில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரிந்தவர்கள்கூடப் பயணத் திட்டத்தில் மறந்துவிட்டு, மூடிய கதவின் முன்னால் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாலு மணி நேரத்தில்தான் டெல்டாவின் விசித்திரங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம், அதுவும் புதிது ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணையும் உத்தரத்தையும் வாங்கி வந்து கடைகிறார்கள். யாரோ ஒருவருடைய தாத்தா வீட்டு உத்தரம் கல்யாணப் பந்தலில் தோடி வாசிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இவை வேலை நடக்கிற இடங்கள். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், போனை நீட்டிக்கொண்டு நுழையாதீர்கள்.

தஞ்சாவூரில் மதியம் மாட்டிக்கொண்டால் கீழவாசல் பீரங்கி மேட்டுக்குப் போகலாம். நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி, 26 அடி நீளம். வார்த்ததல்ல, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டியது. பெரிய கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

காட்டுக்கும் பறவைக்கும் நம் நேரத்தைக் கொடுப்பது

மதியம் ஒரு மணிக்குப் பிச்சாவரத்தில் படகேறினால் தலை வெந்துவிடும். காலையில் முதல் படகுக்குப் போய் நில்லுங்கள். முந்தின இரவு சிதம்பரத்தில் தங்கினால் பதினைந்து கிலோமீட்டர்தான். கேட்கும்போதே துடுப்புப் படகு என்று கேளுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயிலேயே சுற்றிவிட்டு வந்துவிடும். சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேல் வளைந்து இறங்குகிற சந்துகளுக்குள் துடுப்புப் படகால்தான் நுழைய முடியும்.

பிச்சாவரம் பார்த்தாயிற்று, முத்துப்பேட்டை எதற்கு என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. முத்துப்பேட்டையில் பெரும்பாலும் அலையாத்தி மரம். கோரையாற்றில் படகு போய்ப் போய், திடீரென்று கரை விலகி ஏரி போல விரிந்த காயலில் கொண்டுபோய் விடும். ஆனால் அங்கே நினைத்த நேரத்தில் போய்ப் படகேற முடியாது. வனத்துறையிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், அரை நாள் ஒதுக்க வேண்டும், சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கோடியக்கரையில் வெளிமான்கள் காலையிலும் சாயங்காலமும்தான் புல்வெளிக்கு வரும். நாலு மணிக்கு வாசலுக்கு வந்து, டிக்கெட் வாங்கி, உள்ளே போய்ச் சுற்றுவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். பூநாரைகளுக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்கள். மே மாதம் மட்டக் குதிரைகளும் குரங்குகளும் இருக்கும், அவை எப்போதும் இருக்கும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளும் அப்படித்தான். இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை என்று படித்துவிட்டுக் கோடையில் வந்தால், வறண்ட ஏரியில் ஆடு மேயும். கோடியக்கரையில் சாப்பாட்டை நம்பி இருக்காதீர்கள், வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான்.

கண்ட இடத்தில் ஆற்றில் இறங்குவது

இதில் விளையாட்டே வேண்டாம். மேலே அமைதியாக ஓடும் ஆற்றுக்கு அடியில் மணல் அள்ளிய குழி இருக்கும். முழங்கால் அளவு என்று நடந்துகொண்டே போய் அடுத்த எட்டில் தலை முழுகும். கொள்ளிடத்தில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது, மணலில் காரை இறக்கி நிறுத்தாதீர்கள். அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும், அவர்கள் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள்.

காவிரி கடலில் கலக்கும் காட்சிக்காகப் பூம்புகார் போவது

அகண்ட காவிரியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இத்தனை வயலுக்கும் கொடுத்து முடித்த ஆறு அங்கே ஒரு சின்ன வாய்க்காலாகத்தான் வந்து சேர்கிறது. எனக்கு அது பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அப்படியே தெற்கே தரங்கம்பாடிக்கு இறங்குங்கள், 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கடற்கரையோடே போய் மல்லிப்பட்டினம் பக்கம் மனோராவையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பா எங்கே, சேதுபாவாசத்திரம் எங்கே? ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதற்கு இரண்டாம் சரபோஜி இங்கே ஆறு பட்டையில் எட்டு அடுக்குக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்.

சித்தி மகன் அடுத்த முறை ஜனவரியில் வந்தான், நாலு நாள் ஒதுக்கிக்கொண்டு. கல்லணையில் தண்ணீர் மதகு வழியாக நுரைத்துக்கொண்டு போனது, மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது, கடைசி நாள் வரை. தரங்கம்பாடி வழியில் காரைக்கால் வரும், பெட்ரோல் விலை குறைவு, டேங்கை நிரப்பிக்கொள் என்று சொல்லியிருந்தேன். வேறு எதையும் நிரப்பிக்கொள்ளாதே என்று சொல்ல மறந்துவிட்டேன். வாஞ்சூர் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் எனக்கு போன் வந்தது.