பிறர் கூலியில் தருமம் வேண்டாம்: நற்பணிக் கலைவிழாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ உதவி நிதிக்காக நாங்கள் நான்கு நாள் கலைவிழா நடத்தினோம். கடைசி நாள் இரவு, கடம் வாசித்தவர் தயங்கித் தயங்கி வந்து, ஊர் திரும்ப பஸ் கட்டணம் கிடைக்குமா என்று கேட்டார். பாடகர் பணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பக்கவாத்தியக்காரர்களும் அப்படித்தான் வருவார்கள் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த முகம் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நற்பணி விழாக்களில் நடக்கும் பெரிய தவறு இதுதான். எம்.எஸ். சுப்புலட்சுமி எத்தனையோ கச்சேரிகளின் வருவாயைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது பொதுச் சேவைக்காகவே கிடைத்தது. கொடுப்பது என்பது அவர் எடுத்த முடிவு. மார்கழிக் கச்சேரிகளை நம்பி ஆண்டை ஓட்டும் மிருதங்கக்காரருக்காக அந்த முடிவை எடுக்க நமக்கு உரிமை கிடையாது. சன்மானத்தையும் பயணச் செலவையும் முதலிலேயே பேசி, எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அன்றைக்கே உறையைக் கையில் சேர்த்துவிடுங்கள். நிதிக்குத் திருப்பித் தர நினைப்பவர் தாமாகத் தருவார். ஒலி, ஒளி அமைப்பவர்களுக்கும் அரங்கைக் கூட்டிப் பெருக்குபவர்களுக்கும் இதே முறைதான்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். டிக்கெட்டிலிருந்து வரும் என்று கணக்குப் போட்டால் அடுத்த தவறு தொடங்குகிறது. 400 இருக்கை, 500 ரூபாய், நான்கு நாள் என்று பெருக்கினால் தாளில் 8 லட்சம் நிற்கும். வியாழக்கிழமை மாலை பாதி அரங்கம் காலியாகக் கிடக்கும். உட்கார்ந்திருப்பவர்களிலும் பலர் அழைப்பிதழோடு வந்தவர்கள். செலவு முழுவதையும் விளம்பரதாரர்களிடமும் புரவலர்களிடமும் திரட்டிய பிறகே டிக்கெட் அச்சடியுங்கள். அப்போதுதான் டிக்கெட் பணம் அனைத்தும் நிதிக்கே என்று நெஞ்சறியச் சொல்ல முடியும். திரட்ட முடியவில்லையா, நான்கு நாளை இரண்டாக்குங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

டிக்கெட் வாங்கினால் வருமான வரிச் சலுகை என்று நோட்டீஸில் போடுவதும் தவறு. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை நன்கொடைக்கு உரியது. அதற்கான அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் தொகையை, அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை வாங்கக் கூடாது.

நல்ல காரியம்தானே, பாட்டுக்கு எதற்கு அனுமதி என்பவர்களும் உண்டு. பாடலாசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. நடன நிகழ்ச்சிகளில் பதிவிசையை ஒலிக்கவிடும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி மேடை. எல்லாக் கலைகளுக்கும் ஒரே மேடை போதும் என்று நினைப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பரதநாட்டியத்துக்கு மரத்தளம் வேண்டும். சிமென்ட் தரையில் கம்பளம் விரித்து ஆடச் சொன்னால் கால் வழுக்கும், முழங்கால் பாழாகும். பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகி ஒலி எழும்பும். குளிரூட்டிய அரங்குக்குக் கலைஞர்களை அழைத்துவிட்டு, வாசலில் நெருப்பு மூட்டக் கூடாது என்று காவலாளியைக் கொண்டு விரட்டுவது அவமதிப்பு. திறந்தவெளியில் ஓர் இடம், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் என்று அரங்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

தெருக்கூத்துக்காரர்களுக்கு இன்னும் அதிக அநியாயம் நடக்கிறது. விடிய விடிய ஆடும் கூத்தை 40 நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறோம். அவர்கள் முகம் எழுதவும் கிரீடமும் தோளில் அணியும் புஜக்கட்டையும் கட்டவும் சில மணி நேரம் ஆகும். கண்ணாடியும் நல்ல விளக்கும் உள்ள அறையைக் கொடுக்காமல் மாடிப்படிக்குக் கீழே உட்கார வைக்கிறோம். பொன்னாடைகளும் வாழ்த்துரைகளும் நீண்டு அந்த 40-உம் 20 ஆகிவிடும். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் நேரத்தை நீட்டவும் வழியில்லை. கூத்து வேண்டுமென்றால் ஒரு மாலை முழுவதையும் அதற்கே விடுங்கள், முதலில் களரி கட்டட்டும், அதாவது வாத்தியங்களை முழக்கிக் கூத்தைத் தொடங்கட்டும். பேச்சாளர்களை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள்.

விழா முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும், நிதி போய்ச் சேர்ந்ததற்கான ரசீதையும் நன்கொடையாளர்களுக்கு அனுப்புங்கள். மேடை ஏறிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பிரதி போகட்டும்.