மோட்டார் குழாய் சுட்ட தழும்பு: கறுப்பைப் போக்கும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் மோட்டாரில் பின்னால் ஏறிப் போகிறவர்களின் கெண்டைக்காலில் ஒரு கறுத்த திட்டு இருப்பது சகஜம். புகைக்குழாய் சுட்ட இடம். சுட்டவுடன் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டாமல் பற்பசையோ கிச்சாப்போ (சோயா சாஸ்) தடவுவது முதல் தவறு. அது பலருக்கும் தெரியும். புண் ஆறிய பிறகு செய்கிற தவறுகளைத்தான் யாரும் தவறாகவே நினைப்பதில்லை.

அதில் முதலிடம் எலுமிச்சைக்கு. சாற்றைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால், அதிலுள்ள சில பொருள்கள் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலை மறுபடி சுட்டுவிடும். கொப்புளம் வரும், அப்புறம் முன்பைவிட அதிகமாகக் கறுக்கும். கறுப்பு என்பது அழுக்கு இல்லையே, தேய்த்து எடுக்க! காயத்தின் அழற்சியால், தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சுரந்ததன் விளைவு அது. நம் மாநிறத் தோலில் இது அதிகம். மங்குவதற்குப் பல மாதங்கள், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

அதுவரை பொறுக்காமல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) லேபிள் இல்லாத வெள்ளைக் கிரீம் வாங்குகிறோம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த அழகுப் பொருள்களைப் பெயர் சொல்லியே மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ அவ்வப்போது எச்சரிக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். ஹைட்ரோகுவினோனை டாக்டர்களும் தருவார்கள்தான். ஆனால் கணக்கில்லாமல் பூசினால் தோல் நீலக்கறுப்பாகிவிடலாம்.

'நாம்தான் கறுப்பாச்சே, சன்ஸ்கிரீன் எதற்கு?' என்பார்கள். பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே வாழ்கிறோம். மேகமூட்டத்திலும் கதிர் இறங்கும். எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைப் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். அதைவிட முழுநீளக் கால்சட்டை சுலபம், மலிவும்கூட.

சிலருக்குத் தழும்பு வெளுத்துப்போகும். உடனே வீட்டுப் பெரியவர்கள் வெண்குஷ்டம் என்று பயப்படுவார்கள். நோயுமில்லை, தொற்றுமில்லை, ஆழமாகச் சுட்டதில் நிறம் தரும் செல்கள் அழிந்திருக்கின்றன, அவ்வளவுதான். மயிர்க்கால்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு தெரிந்தால் நிறம் திரும்புகிறது என்று அர்த்தம். சுற்றியுள்ள தோலை வெளுக்க வைத்துச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். வெள்ளைத் திட்டு வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும், அதையும் மூடுங்கள்.

லேசருக்கு அவசரம் வேண்டாம். மாநிறத் தோலில் அதுவே கறுப்பையோ வெளுப்பையோ உண்டாக்கலாம். தோல் நிபுணரிடம் கேட்டுச் செய்யுங்கள். பழைய தழும்பில் புதிதாகப் புண் வந்து ஆறாமல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.