பால் பைத்தான் வளர்க்கிறீர்களா? ஸ்பிரே பாட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பால் பைத்தான் (ball python) ஒரு மலைப்பாம்பு வகை, அதன் பெயருக்கும் குடிக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர். இதை வளர்ப்பவர்களின் பெரிய புலம்பல், சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக உரிகிறது என்பது. காற்றில் ஈரப்பதம் போதவில்லை என்று உடனே ஸ்பிரே பாட்டிலை எடுத்துவிடுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

தெளித்ததும் ஈரப்பத மீட்டர் 80% காட்டும், சில மணி நேரத்தில் 40%க்கு இறங்கிவிடும். மிச்சம் இருப்பது நனைந்த மேல்பரப்பு மட்டும்தான். அதன்மேல் நாள் முழுக்கப் படுத்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து புண்ணாகும். இந்தப் பாம்பின் சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் பக்கம். எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் (கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறும் கதை அங்கேயும் உண்டு). அங்கே ஈரம் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. தொட்டியிலும் அப்படியே செய்யலாம். தேங்காய் மஞ்சித் துண்டுகளை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, மூலைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். விரலை விட்டுப் பார்த்தால் அடியில் சில்லென்று இருக்கணும், மேலே காய்ந்திருக்கணும். கண்ணாடித் தொட்டியின் வலை மூடியில் முக்கால்வாசியை அலுமினிய ஃபாயிலால் மூடிவிட்டால் ஈரப்பதம் 60 முதல் 70% வரை தானாக நிற்கும். காற்றுக்குக் கொஞ்சம் வழி விடுங்கள்.

சரி, குளிர்காலத்தில் மட்டும் ஏன் ஈரப்பதம் விழுகிறது? அப்போது ஹீட்டரைக் கூட்டுகிறோம், அதனால்தான். 24 டிகிரியில் 60% காட்டும் காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீர் குறையாமலே அது 38% ஆகிவிடும். அதனால் சூட்டைத் தொட்டால் ஈரப்பதத்தையும் திரும்பப் பார்க்கணும். சூடான பக்கம் 31–32, குளிர்ந்த பக்கம் 25–27 போதும்.

படுகையை ஆழமாகப் போட்டுவிட்டு தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு) வைப்பவர்களும் உண்டு. சூடு மேலே வராமல் கண்ணாடியிலேயே தேங்கும். மேலிருந்து சூடு தரும் செராமிக் எமிட்டர் (வெளிச்சம் தராத, சூடு மட்டும் தரும் பல்பு) நல்லது. எதுவானாலும் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடவே கூடாது. அதன் சென்சாரையும் பாம்பு நகர்த்த முடியாதபடி பொருத்துங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் அது குளிர்தான் என்று நம்பி ஹீட்டரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும்.

ஒட்டிவைக்கும் முள் மீட்டர்களை நான் நம்புவதே இல்லை. டிஜிட்டலையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் ஒரு ராத்திரி மூடி வைத்தால் காலையில் 75% காட்டணும். 68 காட்டினால் 7 குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், கண்மேல் பழைய சட்டை ஒட்டியிருந்தால் ட்வீசரால் இழுக்காதீர்கள், கண்ணே போய்விடும். ஈரப்பாசி போட்ட டப்பாவில் பாம்பு நுழைய ஓட்டை வெட்டி, டப்பாவைத் தொட்டிக்குள் வையுங்கள், அடுத்த உரிப்பில் பெரும்பாலும் கழன்றுவிடும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.