கேஸ் மேனேஜர் உங்கள் கேஸை நடத்த மாட்டார்

நமக்குக் ‘கேஸ்’ என்றால் கோர்ட் கேஸ்தான். கேஸ் போட்டான், கேஸ் இழுக்கிறது, கேஸ் தள்ளுபடி ஆனது என்றே கேட்டுப் பழகிய காது. அமெரிக்காவில் நாடுகடத்தல் வழக்கில் நிற்கும் ஒருவரிடம், “உங்களுக்கு ஒரு கேஸ் மேனேஜர் இருக்கிறார், காசு வேண்டாம், அரசு கொடுக்கிறது” என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? வக்கீல் கிடைத்துவிட்டார் என்றுதான். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

சமூகப் பணியில் ‘கேஸ்’ என்பது ஒரு குடும்பத்தின் கோப்பு. வீடு, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவர், மனநல ஆலோசனை, அடுத்த விசாரணை எப்போது என்ற நினைவூட்டல், குறைந்த கட்டணத்தில் வாதாடும் வக்கீல்களின் பட்டியல் ஆகியவற்றுக்கு வழிகாட்டுபவர்தான் கேஸ் மேனேஜர். சட்ட ஆலோசனை சொல்வது அவர் வேலை இல்லை, நீதிபதி முன் உங்களுக்காக எழுந்து நிற்கவும் மாட்டார். அமெரிக்காவில் நாடுகடத்தல் வழக்கு குற்ற வழக்கு அல்ல. அதனால் அரசுச் செலவில் வக்கீல் பெறும் உரிமையும் பொதுவாக இல்லை. சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம், அல்லது இலவச வக்கீலைத் தேடிப் பிடிக்கலாம்.

ஆனால் இந்தச் சேவையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. குடும்பங்களுக்காக 2016 ஜனவரியில் ஐந்து பெருநகரப் பகுதிகளில் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. அதில் இருந்த 954 பேரில் தலைமறைவானவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் 23 பேர்தான் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரே அறிக்கை கொடுத்தார். குடும்பங்களைத் தடுப்பு முகாமில் வைப்பதைவிடச் செலவும் பல மடங்கு குறைவு. அப்படியும் 2017 ஜூனில் திட்டத்தை மூடிவிட்டார்கள். பிறகு 2021ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நாடாளுமன்றம் 50 லட்சம் டாலர் ஒதுக்க, தொண்டு நிறுவனங்கள் வழியாக நடக்கும் ஒரு முன்னோட்டத் திட்டம் உருவானது. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் அதில் சேர்ந்தார்கள். அதை மேற்பார்த்தது அந்தத் துறையின் குடிசார் உரிமைகள் அலுவலகம். 2025 மார்ச்சில் அந்த அலுவலகமே ஏறக்குறைய காலியாக்கப்பட்டது. ஆக, பழைய துண்டறிக்கையை நம்பி நாள் ஓட்டாதீர்கள். உங்கள் ஊரில் இன்றைக்கு அந்தச் சேவை நடக்கிறதா என்று விசாரித்துவிட்டு மேலே பேசுங்கள்.

சேவை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த குழப்பம், எந்த மேனேஜர் என்பது. காலில் பட்டை கட்டுவது, போனில் ஸ்மார்ட்லிங்க் செயலி போட்டு முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது எல்லாம் ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் கண்காணிப்புத் திட்டம். 2004 முதல் இருக்கிறது, ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தில் நடத்துகிறது. அங்கே உங்களைப் பார்க்கும் ஊழியரும் அன்பாகத்தான் பேசுவார், பிள்ளைகளை விசாரிப்பார். ஆனால் அவர் தகவல் கொடுக்க வேண்டிய இடம் ஐஸ். தொண்டு நிறுவனத்து கேஸ் மேனேஜரானாலும் சரி, இவரானாலும் சரி, வக்கீலிடம் சொல்வதற்கு இருக்கும் ரகசியக் காப்பு இவர்களிடம் சொல்வதற்குக் கிடையாது. எல்லையை எப்படிக் கடந்தீர்கள், முன்பு எந்த நாட்டில் இருந்தீர்கள் என்ற கதையெல்லாம் முதலில் வக்கீலிடம் போகட்டும்.

முகவரி விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். வீடு மாறியதும் கேஸ் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் புது முகவரியை அனுப்பிவிட்டு, சொல்லியாச்சு என்று இருந்துவிடுகிறோம். கோர்ட்டுக்கு அது தெரியாது. குடியேற்ற நீதிமன்றம் நீதித் துறையின் கீழ் வருகிறது, ஐஸ் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. ஒருவரிடம் சொன்னது மற்றவரிடம் தானாகப் போகாது. நீதிமன்றத்துக்கு ஈ.ஓ.ஐ.ஆர்-33 என்ற படிவத்தை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதன் நகல் அரசுத் தரப்பு வக்கீலுக்கும் போக வேண்டும். கிரீன் கார்டு போன்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் குடியேற்றச் சேவைத் துறைக்கு ஏ.ஆர்-11 படிவம், 10 நாளுக்குள். ஐஸ் அலுவலகத்தில் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க ஆவணங்களில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. இன்னொரு தாளில் அப்பா பெயர் முன்னால் வந்து, உங்கள் பெயர் பின்னால் போயிருக்கும். நான்கு பேர் சேர்ந்து இருக்கும் அபார்ட்மென்ட்டில், தபால் பெட்டியில் ஒட்டியிருப்பது குத்தகை எடுத்தவரின் பெயர் மட்டும். விசாரணைத் தேதியைத் தாங்கி வரும் உறையின் மேல் அப்பா பெயர். இங்கே அப்படி யாரும் இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். தாள்களில் உங்கள் பெயர் எந்தெந்த வடிவத்தில் இருக்கிறதோ அத்தனையையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

தபாலையே நம்பி இருக்கவும் வேண்டாம். குடியேற்றத் தாள்களில் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் உங்கள் எண்ணை வைத்து நீதிமன்றத்தின் இணையதளத்திலோ 1-800-898-7180 என்ற தொலைபேசி எண்ணிலோ அடுத்த தேதியைப் பார்க்கலாம். முப்பது லட்சத்துக்கும் மேல் வழக்குகள் குவிந்து கிடந்த நீதிமன்றங்கள் இவை, தேதி முன்னும் பின்னும் மாறும். கேஸ் மேனேஜர் நினைவூட்டுவார்தான். அவர் லீவில் போனாலும் தேதி வந்துவிடும் அல்லவா?

ஐஸ் அலுவலகத்தில் ஆஜர் ஆவது வேறு, கோர்ட் விசாரணை வேறு. “போன வாரம்தானே போய்க் கையெழுத்துப் போட்டேன்” என்று விசாரணைக்குப் போகாமல் இருந்தால், நீங்கள் இல்லாமலேயே நாடுகடத்தல் உத்தரவு வரலாம். அதற்கப்புறம் 10 ஆண்டுகளுக்குப் பல நிவாரணங்களைக் கேட்கவே முடியாமல் போகலாம். பெரிய நோய் போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் 180 நாளுக்குள் வழக்கை மீண்டும் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் எளிதல்ல. 2025இல் ஆஜராகப் போன இடத்திலேயே, கோர்ட் வாசலிலேயே பலரைக் கைது செய்தார்கள். பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தை முன்கூட்டியே வக்கீலிடம் கொண்டு போங்கள். போகாமல் இருந்துவிட்டால் கைதாகும் வாய்ப்பு குறையாது, கையில் இருக்கும் வாதமும் போய்விடும்.

தஞ்சம் கேட்பவர்களுக்கு ஒரு கெடு இருக்கிறது. கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஐ-589 விண்ணப்பம் போட வேண்டும், சில விலக்குகள் தவிர. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எல்லையில் அதிகாரியிடம் அழுது சொன்னதும் கேஸ் மேனேஜரிடம் மூன்று மணி நேரம் பேசியதும் விண்ணப்பம் ஆகிவிடாது.

இந்த அவசரத்தில்தான் நோட்டரியிடம் போய் விழுகிறோம். இந்தியாவில் நோட்டரி என்றால் பொதுவாக வக்கீல். இலங்கையில் நொத்தாரிசு உறுதி எழுதுபவர், சட்டம் படித்தவர், ஊரில் மரியாதை உள்ளவர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி போடுபவர், அவ்வளவுதான். மளிகைக் கடைக் கவுன்டரிலும் ஒருவர் இருப்பார். லத்தீன் அமெரிக்கர்களும் இதே பெயர்க் குழப்பத்தில் பணத்தையும் வழக்கையும் இழந்திருக்கிறார்கள். இன்னொன்று, கேஸ் மேனேஜ்மென்ட் சேவையில் சேர்த்துவிடக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அவர் ஏமாற்றுக்காரர்.

கடைசியாக மொழி. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாக ஏற்பாடு செய்யும். கூச்சப்பட்டு ஆங்கிலமே போதும் என்று சொல்லிவிடாதீர்கள். பிறப்புச் சான்று, போலீஸ் புகார் போன்றவற்றை மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட சான்றோடு ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பல நேரம் போனில்தான் இருப்பார், உங்கள் தலையாட்டல் அவருக்குத் தெரியாது. நாம் ஒருவர் பேசப் பேச “ஆமா... ஆமா... சரி” என்போம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில். அது ஆங்கிலத்தில் ‘யெஸ்’ ஆகிப் பதிவாகிவிடும். யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சென்னைத் தமிழ் பேசுபவர் கிடைத்து, “மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரிகிறதா?” என்று நீதிபதி கேட்கும்போது, மொழிபெயர்ப்பாளரின் மனம் நோகக் கூடாதே என்று “ஓம்” சொல்லாதீர்கள். புரியவில்லை என்றால் அந்த நொடியே சொல்லுங்கள், பதிவில் ஏறட்டும். அன்றைக்கு அதைச் சொல்லிவைக்காவிட்டால் மேல்முறையீட்டில் அதை நிலைநாட்டுவது கஷ்டம்.