காய்ந்த மூலிகையில் ஈரம் எவ்வளவு? வீட்டிலேயே அளக்கலாம்

கையில் எடுத்தால் சருகு மாதிரி நொறுங்கிய இலைதான். பொடித்து ஜாடியில் வைத்தேன். மூன்றாம் வாரம் திறந்தால் கட்டி தட்டி, ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. அன்றிலிருந்து ஈரத்தை அளக்காமல் எதையும் பொடிப்பதில்லை.

1. பெயர். லேபிளில் தாவரவியல் பெயரும், வேரா இலையா என்பதும் இல்லையென்றால் வாங்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்கும் மாத்திரையில் ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். பலருக்குச் சிறுநீரகமே போயிற்று.

2. பொறுக்குதல். வெள்ளைத் தாளில் பரப்பி, கல், மண், வேறு இலைகளை நீக்குங்கள். ஒரே ஓர் இடத்தில் பூஞ்சை தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின், கொதிக்க வைத்தாலும் போகாது.

3. ஈரம். இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு வேண்டும். சமையலறைத் தராசு இந்த வேலைக்கு ஆகாது. 5 கிராமில் 10 சதவீதம் என்பது அரை கிராம்தான். அது அந்தத் தராசில் தெரியவே தெரியாது.

வெறும் கண்ணாடிக் கிண்ணத்தை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நொறுக்கிய மூலிகை 5 கிராம் போட்டு, மின்சார அடுப்பில் (ஓவன்) 105 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் வையுங்கள்.

நான் தவறியது இதற்கு அடுத்த கட்டத்தில். சூட்டோடு நிறுத்தேன். சூடான கிண்ணத்திலிருந்து காற்று மேலெழும்புவதால் தராசு எடையைக் குறைத்துக் காட்டியது. சரி, ஆறட்டும் என்று வெளியே வைத்தேன். காய்ந்த இலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை கூடிவிட்டது. இரண்டு முறையும் கணக்கு தப்பு. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட, காற்றுப் புகாத டப்பாவுக்குள் கிண்ணத்தை வைத்து ஆறவிட்ட பிறகுதான் சரியான எடை கிடைத்தது. மறுபடி ஒரு மணி நேரம் சூடாக்கி, அதே மாதிரி ஆறவைத்து நிறுங்கள். எடை மாறாமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும்.

கிண்ணத்தின் எடையைக் கழித்தபின் 5.00 கிராம் 4.30 ஆகியிருந்தால், போனது 0.70, அதாவது 14 சதவீதம். எனக்கு 10க்குக் கீழே வந்தால்தான் திருப்தி. சோதித்த 5 கிராமை மருந்தாகப் பயன்படுத்தாதீர்கள். மீதியை நிழலில் இன்னும் உலர்த்தி, பொடித்து, சூடு நன்றாக ஆறியபின் மூடுங்கள்.

4. வீட்டில் முடியாதது. ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. விற்பவரிடம் அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கை கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். அப்புறம், ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதிமதுரத்தைத் தொடவே கூடாது. அது அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பின்சேர்க்கை: புதினாவைச் சோதித்த ஒருவர், எடை குறைந்துகொண்டே போகிறது என்று கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். வாசனை மூலிகைகளில் தண்ணீரோடு எண்ணெயும் ஆவியாகும், அதனால் ஈரம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அவற்றுக்கு இந்த முறை ஒத்துவராது. ஆய்வகத்தில் டொலுயீன் என்ற கரைப்பானைச் சேர்த்து, காய்ச்சி வடித்துத் தண்ணீரை மட்டும் தனியே அளப்பார்கள்.