கப்பல் கல்யாணத்துக்கு வெளியாள் வைக்கணுமா, நாமே பார்த்துக்கலாமா?

சித்தப்பா மகள் கல்யாணத்தைக் கப்பலில் வைப்பது என்று முடிவானதும் வீட்டில் முதல் சண்டை பந்தியைப் பற்றி, இரண்டாவது சண்டை ஆள் வைப்பதைப் பற்றி. மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பிளானர் இல்லாமல் ஆகாது என்றார்கள். சித்தப்பாவோ, நாகர்கோவிலில் மண்டபம் பிடிக்க யாரை வைத்தோம், இதற்கு மட்டும் என்ன என்றார். இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணம் நடத்தித் தரும் கப்பல் நிறுவனங்களிடம் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மேடை, சாப்பாடு, கேக், மைக் செட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம்ம ஊர் மாதிரி ஆக்குப்புரை போட்டு நம்ம சமையல்காரரை வைத்து அடைப்பிரதமன் கிண்ட முடியாது, வெளியிலிருந்து சாப்பாடும் ஏற்ற விட மாட்டார்கள். அதனால் "கப்பலுக்குள்ள எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் காசு கேட்டால், எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். நிஜமான வேலை கரையில்தான் இருக்கிறது.

அந்த வேலை எவ்வளவு என்று அளக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு நோட்டை எடுத்து, வரப்போகிறவர்கள் பெயரை எல்லாம் அவரவர் அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மைனி (அண்ணியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) சாப்பாட்டு மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இதற்கு உட்கார்ந்தார். பெரியப்பாவுக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், முன்பதிவில் யாரோ இனிஷியலையே விட்டுவிட்டார்கள், அதைத் திருத்த மட்டும் மூன்று நாள், அதற்குள் பெரியப்பா "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று கோபித்துக்கொண்டார். இந்த மாதிரி ஆட்கள் உங்கள் பட்டியலில் நாலைந்து பேர் என்றால் சமாளிக்கலாம். மொத்தமே முப்பது பேர், எல்லாரும் குமரி மாவட்டம், வீட்டில் பொறுமையான ஒரு மைனி உண்டு என்றால் வெளியாள் தேவையே இல்லை. எழுபது எண்பது பேர், பாதிப் பேர் வளைகுடாவிலிருந்து, சிலர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் என்றால் ஆள் வைத்துவிடுங்கள். லட்சத்தீவுப் பயணத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், இலங்கைப் பக்கம் போனால் பாஸ்போர்ட் வேண்டும். வீட்டு ஆள் ஒருவரே இதையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டால் கல்யாணத்தன்று அவர் தூங்கி வழிவார்.

ஆள் என்றால் யார்? டிராவல் ஏஜெண்டும் கல்யாணப் பிளானரும் ஒன்றில்லை. ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் கப்பல் நிறுவனமே கமிஷன் தரும், பிளானருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். "உங்களுக்கு யார் காசு தர்றாங்க?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பல வீடுகளுக்கு ஏஜெண்ட் மட்டுமே போதும் என்பது என் கணக்கு.

பிளானர் வேண்டும் என்றே முடிவு செய்தால், "ஹோமம் வளர்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "தாராளமா" என்றால் எழுந்து வந்துவிடலாம். கப்பலில் பெரிய பயமே தீதான். மெழுகுவர்த்தியையும் சாம்பிராணியையும் கூட சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். எங்கள் குத்துவிளக்கில் ஐந்து முகத்திலும் பேட்டரி பல்புதான் எரிந்தது, பாட்டி அதையும் தொட்டுக் கும்பிட்டார். அடுத்து முகூர்த்தம் பற்றிக் கேளுங்கள். ஏறும் நாள் காலையில் முகூர்த்தம் வைக்க முடியாது, ஏறவே மத்தியானம் ஆகும், அப்புறம் எல்லாரும் கட்டாயமாகப் போக வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி வேறு. இதைத் தானாகவே சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர். மாதமும் அப்படித்தான். ஆடியில் நாம் வைப்பதில்லை, சரி, ஆனால் ஆனியிலும் ஆவணியிலும் கூட அரபிக்கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

சட்ட விஷயத்துக்காக மட்டும் ஆள் வைக்காதீர்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அங்கே நடக்கும் கல்யாணம் செல்லுமா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். பெர்முடா, மால்டா கொடிக் கப்பல்கள் சிலவற்றில் கேப்டனே சட்டப்படி நடத்திவைப்பதுண்டு. அந்தத் தலைவலியே வேண்டாம் என்று நாங்கள் குமாரகோவிலில் நாலு பேரோடு தாலி கட்டிப் பதிவும் செய்துவிட்டு, கப்பலில் மாலை மாற்றலும் விருந்தும் மட்டும் வைத்தோம். தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அதற்கு சார்பதிவாளர் அலுவலகம் போனால் போதும். சர்ச் கல்யாணம் என்றால் முதலில் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ பேசுங்கள், கப்பலுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இல்லை.

கடைசியில் நாங்கள் வைத்தது ஒரு ஏஜெண்ட், அப்புறம் பூவுக்கும் வேனுக்கும் ஒரு பையன். விடிவதற்கு முன்னாலேயே தோவாளைச் சந்தையில் மாலையை வாங்கி, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, கொச்சித் துறைமுகம் வரை மடியில் வைத்தே கொண்டுவந்தான். பூவை ஏற்றலாம் என்று கப்பல்காரர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிய மெயிலைப் பிரிண்ட் எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்திருந்ததால்தான் வாசலில் பெட்டியை உள்ளே விட்டார்கள்.