திருகோணமலையில் கணினி வகுப்புத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூதூர், சம்பூர், குச்சவெளிப் பக்கங்களில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவசக் கணினி வகுப்புத் தொடங்குகிறவர்கள் முதலில் கணினிகளைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நாளை எந்த மேசைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள் என்று விசாரிப்பதில்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் வரவேற்பு மேசையிலும், நகரத்துப் போட்டோக்கொப்பிக் கடையிலும், தொழிற்சாலைக் களஞ்சியத்திலும் வேண்டப்படுவது பிழையில்லாத ஒரு கடிதமும், கூட்டிச் சரிபார்த்த ஓர் எக்செல் அட்டவணையும், இணைப்புத் தவறாமல் அனுப்பிய ஒரு மின்னஞ்சலுமே. பாடமோ கணினியின் தலைமுறைகளில் தொடங்குகிறது. ஒரு மாதம் குறிப்பெழுதிய பிறகும், தான் சேமித்த கோப்பு எங்கே போனது என்று தெரியாமல் பிள்ளை விழிக்கிறது.

தமிழ்த் தட்டச்சில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடில் தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. பாமினி எழுத்துருவிலோ திரையில் தெரிவதுதான் தமிழ். கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பாமினியில் தட்டச்சிட்ட வேலை விண்ணப்பத்தை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பதில் வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தாள். பிழை அவளுடையதன்று, யுனிகோடைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட என்னுடையது. இதற்காகப் பழகிய விரல்களை மாற்ற வேண்டியதுமில்லை, ஏனெனில் பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோடில் எழுத உதவும் மென்பொருள்கள் இருக்கின்றன.

ஒரு கணினிக்கு மூவரை இருத்தினால் சுட்டி எப்போதும் துணிந்த பிள்ளையின் கையிலேயே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதிரையையே மாற்ற வேண்டும், சுட்டியை மட்டும் மாற்றினால் போதாது. வகுப்பு இருட்டும் நேரத்தில் முடிந்தால் தூரத்துப் பெண்பிள்ளைகள் கடைசி பஸ்ஸை எண்ணி நின்றுவிடுவார்கள், வரவுப் பதிவேட்டில் அது ‘ஆர்வமின்மை’ என்று பதியப்படும்.

சான்றிதழிலும் ஏமாற இடமுண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு பெற்றதா, பாடநெறி தேசிய தொழில் தகைமையின் 7 மட்டங்களில் ஒன்றுக்கு இட்டுச் செல்கிறதா என்பதைப் பிள்ளைகளைச் சேர்க்கும் முன்பே கேட்டறிய வேண்டும். பொன்னிற ஓரம் வைத்த தாளைப் பெற்றோர் சட்டமிட்டு மாட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கடைசியாக ஒன்று, எல்லோரும் சிறிது என்று நினைப்பது. வசதிக்காக ஆசிரியர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து இருபது பிள்ளைகளுக்கும் மின்னஞ்சல் கணக்குத் திறந்துவிடுகிறார். சில ஆண்டுகள் கழித்து நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அந்தக் கணக்குக்கு வந்திருக்கும்போது பிள்ளைக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். மீட்புக் குறியீடோ ஆசிரியர் எப்போதோ கைவிட்ட எண்ணுக்குப் போகும். வீட்டில் நிலையாக இருக்கும் ஓர் எண்ணை, பெரும்பாலும் தாயின் எண்ணை, முதல் நாளே கொண்டுவரச் சொல்லி, கணக்கைப் பிள்ளையின் கையாலேயே திறக்கவைப்பதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும்.